முதல் வகுப்பா, லோயர் பெர்த்தா? பக்கவாதம் வந்த அப்பாவுடன் இரண்டு இரவு ரயில் பயணம்

வாசகர் கடிதம்: என் அப்பாவுக்கு 72 வயது. பதினான்கு மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. நாலு கால் ஊன்றுகோல் பிடித்து வீட்டுக்குள் இருபது அடி நடப்பார். வெளியே என்றால் வீல்சேர்தான். அம்மாவுக்கு 66 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தம்பி டெல்லியில் இருக்கிறான். இருவரையும் சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அழைத்துப்போக நினைக்கிறேன். விமானம் வேண்டாம் என்பதில் அப்பா பிடிவாதமாக இருக்கிறார். பயணம் போகலாம் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லிவிட்டார். ‘காசைப் பார்க்காதே, ஃபர்ஸ்ட் ஏசி போடு’ என்கிறார்கள் உறவினர்கள். ஸ்லீப்பர், ஏசி த்ரீ டயர், டூ டயர், ஃபர்ஸ்ட் ஏசி, இவற்றில் எது அப்பாவுக்குச் சரிவரும்? எனக்கு 41 வயது. துணைக்கு நான் ஒருத்திதான்.

இயன்முறை மருத்துவரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மூன்று பேருக்கும் நான் சொல்வது ஏசி டூ டயர். ஒரே தடுப்பில், அதாவது பெர்த்துகள் எதிரெதிரே அமைந்த ஒரே பகுதியில், உள்ள இரண்டு லோயர் பெர்த் அப்பாவுக்கும் அம்மாவுக்கும், அப்பாவுக்கு நேர் மேலே உள்ள அப்பர் உங்களுக்கு. ஃபர்ஸ்ட் ஏசி மோசம் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. உங்கள் அப்பாவுக்குச் சிரமம் தரப்போகிற இரண்டு இடங்களை, அதாவது ஏறும் படியையும் கழிவறையையும், எந்த வகுப்பு டிக்கெட்டும் பெரிதாக மாற்றிவிடாது. வகுப்பால் உண்மையில் மாறுவது, படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியுமா, இரவில் எழுந்து நிற்க இடம் இருக்குமா என்பதுதான். அந்தக் கணக்கில் த்ரீ டயருக்கும் டூ டயருக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது. டூ டயருக்கும் ஃபர்ஸ்டுக்கும் இடையே அவ்வளவு இல்லை.

முதலில் வீல்சேர் பற்றி. சாதாரண வீல்சேரின் அகலம் 60 முதல் 65 செ.மீ. பெட்டியின் கதவைத் தாண்டி உள்ளே திரும்பி நடைபாதையில் நுழைய அதற்கு இடம் போதாது. ஸ்லீப்பர் முதல் ஃபர்ஸ்ட் ஏசி வரை இதே கதைதான். ஆகவே வீல்சேர் கதவு வரைக்கும்தான், அதற்குப் பிறகு அப்பா நடக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு திட்டமிடுங்கள். வீட்டுக்குள் இருபது அடி நடக்கிறாரே, அதுவே பெரிய பலம். கதவிலிருந்து இரண்டாவது தடுப்பு வரை போக ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் ஆகும்.

அடுத்தது படி. நம் ஊர் உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ. உயரம். பெட்டியின் தரை ஒன்றேகால் மீட்டருக்கும் மேல். நல்ல நடைமேடையில் நின்றாலும் அரை மீட்டர் அளவுக்கு ஏற வேண்டியிருக்கிறது. அதுவும் செங்குத்தான குறுகிய படியில், இடைவெளியைத் தாண்டி. தாழ்வான நடைமேடை என்றால் இன்னும் மோசம். நீங்கள் தேர்ந்தெடுத்த ரயில் இந்த விஷயத்தில் நல்ல தேர்வு. சென்னை சென்ட்ரலில் புறப்பட்டு புது டெல்லியில் முடிகிறது. இரண்டு முனையிலும் ரயில் நின்றுகொண்டிருக்கும் நேரம் உங்கள் கையில். இரண்டு நிமிடமே நிற்கும் வழி நிலையத்தில் ஏறவோ இறங்கவோ இவரை வைத்துக்கொண்டு முயலக்கூடாது. சென்ட்ரல் முனைய நிலையம் என்பதால் முகப்பிலிருந்து நடைமேடைக்குப் படிக்கட்டு, மேம்பாலம் இல்லாமலே வீல்சேரைத் தள்ளிப்போகலாம் என்பது இன்னொரு வசதி.

இனி வகுப்புகள்.

ஸ்லீப்பரை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். ஒரு இரவு, நாலைந்து மணி நேரம் என்றால் யோசிக்கலாம். இரண்டு இரவும் ஒரு பகலும் வேண்டாம். வெயிலும் தூசியும் ஒருபுறம் இருக்கட்டும். நடைபாதையிலும் கழிவறை வாசலிலும் ஆட்கள் நிற்பதும் உட்காருவதும் ஸ்லீப்பரில் சகஜம். ஊன்றுகோலோடு போகிறவருக்கு வழி மறிக்கப்பட்டால் நின்று காத்திருக்க வேண்டும். ஓடும் ரயிலில் அவர் செய்யவே கூடாத காரியம் அது.

ரயிலின் முனையில் கார்டு பெட்டியோடு சேர்ந்து வரும் மாற்றுத்திறனாளிகள் பெட்டியைப் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். அகலமான கதவு, அகலமான படுக்கை, வீல்சேர் நிறுத்த இடம், கைப்பிடிகளோடு பெரிய கழிவறை எல்லாம் அதில் உண்டு. வடிவமைப்பைப் பார்த்தால் நீங்கள் கேட்டது அதுதான். ஆனால் ஏசி இல்லாத, முன்பதிவு இல்லாத இரண்டாம் வகுப்பு அது. கூட்டம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. பகல்நேரக் குறும்பயணத்துக்கு ஏற்றது. முப்பது மணி நேரத்துக்கு மேல் போகும் பயணத்துக்கு நான் சொல்லமாட்டேன். வந்தே பாரத் ஸ்லீப்பர் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான படுக்கையையும் கழிவறையையும் வடிவமைப்பிலேயே சேர்த்திருக்கிறார்கள். உங்கள் தடத்துக்கு அது வரும்போது இந்தக் கணக்கு முழுவதையும் மறுபடி போடலாம்.

ஏசி த்ரீ டயர். இங்கே சிக்கல் மிடில் பெர்த். பகலில் அது முதுகுச் சாய்வாகத் தொங்குகிறது. இரவில் தூக்கிச் சங்கிலியில் மாட்டியதும் லோயரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. பக்கவாதம் வந்தவர் எழுந்து நிற்கும் முறையை நினைத்துப் பாருங்கள். பாதங்களை உள்ளே இழுத்து, மூக்கு கால்விரலைத் தாண்டும் அளவுக்கு முன்னே சாய்ந்து, அப்புறம் எழ வேண்டும். தலைக்கு மேல் மிடில் பெர்த் மாட்டியிருப்பதால் அவர் முதலில் கூனிக்கொண்டு விளிம்புக்கு வரவேண்டும், கூனிய நிலையிலேயே எழத் தொடங்க வேண்டும், பாதி எழுந்ததும் பின்தலை இடிக்காமல் வெளியே வரவேண்டும். இரவு இரண்டு மணிக்கு, அரைத்தூக்கத்தில், ரயில் ஆடிக்கொண்டிருக்கும்போது. இப்படி எழும்போது பிடிமானத்துக்கு மிடில் பெர்த் சங்கிலியைத்தான் கை தேடும். அது ஆடும். அதைப் பிடித்து உடல் எடையைப் போடுவது ஆபத்து.

பணத்துக்காக த்ரீ டயர்தான் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அப்பாவின் லோயருக்கு நேர் மேலே உள்ள மிடில் உங்களுடையதாக இருக்க வேண்டும். அப்போது அதை எப்போது மாட்டுவது, எப்போது இறக்குவது என்பது உங்கள் முடிவு. இரவில் அவர் எழ வேண்டுமானால், நீங்கள் இறங்கி, அவரை முதலில் திறந்த விளிம்புக்கு நகரச் செய்து, பிறகு மிடிலை மடியுங்கள். அவர் சுவர் ஓரமாகப் படுத்திருக்கும்போதே மடித்தால் பலகை அவர் தோளில் வந்து அழுத்தும். அம்மாவுக்கு எதிர் லோயர் கிடைத்தாலும் அவருக்கு மேலே உள்ள மிடில் அந்நியருடையது. இரவு பத்து மணிக்கு அவர் படுக்கையைத் தூக்கி மாட்டச் சொன்னால் அம்மா முழங்காலை நீட்டிப் படுத்தே ஆகவேண்டும்.

சைடு லோயரை மறுத்துவிடாதீர்கள் என்று சிலர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மேலே ஒரே ஒரு பெர்த்தான் என்பதால் நிமிர்ந்து உட்காரலாம், காலைக் கீழே வைத்தால் நேராக நடைபாதை. ஆனால் நீளம் குறைவு, இரண்டு இருக்கைகளை மடித்துச் சேர்க்கும் இடத்தில் நடுவே ஒரு மேடு, திரைச்சீலை இல்லாத பெட்டியில் சிறுநீர்க் குப்பியைப் பயன்படுத்த மறைவு கிடையாது. போகிறவர்களின் பையும் பெட்டியும் அவர் முழங்காலில் இடித்துக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு வேண்டுமானால் சரி, அப்பாவுக்கு வேண்டாம். ஆர்ஏசி, அதாவது முழுப் படுக்கை உறுதியாகாத டிக்கெட், வந்தால் அந்த சைடு லோயரையும் இருவர் பகிர்ந்து உட்கார வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஆர்ஏசி டிக்கெட்டோடு இவரை ரயில் ஏற்றவே கூடாது.

ஏசி டூ டயரில் மிடில் பெர்த் இல்லை. இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவையில்லை. தலைக்கு மேல் இடம் இருக்கிறது. எழும்போது நன்றாக முன்னே சாயலாம். திரைச்சீலை இருக்கிறது. ஒரு தடுப்பில் நாலே பேர், அதில் மூன்று பேர் நீங்கள். அப்பாவின் லோயருக்கு மேலே உள்ள அப்பரும் உங்களுடையது என்றால் பகலில் அந்த லோயரில் உட்கார உரிமை கேட்க வேறு யாரும் இல்லை. அவர் மதியம் இரண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கலாம். இரவு 10 முதல் காலை 6 வரைதான் படுக்கும் நேரம், மற்ற நேரம் உட்கார இடம் விட வேண்டும் என்பது பொது விதி. நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் அதற்கு மேலும் படுத்திருக்க மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று ரயில்வேயே சொல்லியிருக்கிறது. இருந்தாலும் விதியைக் காட்டி அந்நியரோடு பேச்சு வளர்ப்பதைவிட மேல் பெர்த்தை நீங்களே வைத்துக்கொள்வது நிம்மதி.

ஃபர்ஸ்ட் ஏசியில் கிடைப்பது கதவு. உள்ளே பூட்டிக்கொண்டு உடை மாற்றலாம், டயப்பர் மாற்றலாம், கை கால் பயிற்சி செய்யலாம். சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவருக்கும், படுக்கையிலேயே எல்லாம் செய்யவேண்டியவருக்கும் ஃபர்ஸ்ட் ஏசிதான் என்று தயங்காமல் சொல்வேன். உங்கள் அப்பா அந்த நிலையில் இல்லை. மேலும் ஃபர்ஸ்ட் ஏசியில் டிக்கெட் எடுக்கும்போது படுக்கை எண் வராது. சார்ட் தயாராகும்போதுதான் எந்த கேபின், எந்தப் படுக்கை என்பது தெரியும். இரண்டு பேருக்கான கூபேயும் உண்டு, நாலு பேருக்கான கேபினும் உண்டு. நீங்கள் மூன்று பேர். கூபேயில் அடங்கமாட்டீர்கள். கேபினில் நாலாவது ஆளாக யார் வருவார், அவர் லோயரைக் கேட்பாரா என்பது கடைசி நாள் வரை கேள்விக்குறி. இத்தனை பணம் கொடுத்துவிட்டு அந்தக் கவலையோடு நிலையத்துக்குப் போக வேண்டாம் என்பது என் எண்ணம். அதே வகுப்புதான் என்று முடிவு செய்தால், சார்ட்டுக்கு முந்தைய நாளே பிஎன்ஆர் எண், வயது, மருத்துவச் சான்றின் நகல் வைத்து, இரண்டு லோயர் வேண்டும் என்று முன்பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

டிக்கெட் எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது, பழைய நினைப்பில் இருக்க வேண்டாம்). திறக்கும் அன்றே மூன்று பேரையும் ஒரே டிக்கெட்டில், பொது ஒதுக்கீட்டில் போடுங்கள். ஐஆர்சிடிசி படிவத்தில், குறைந்தது இரண்டு லோயர் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்று ஒரு தேர்வு உண்டு. அதைக் குறியுங்கள். அதே பக்கத்தில் ஆட்டோ அப்கிரடேஷன் என்ற கட்டம் இருக்கும். அதில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். உயர்வகுப்பில் காலியிடம் இருந்தால் உங்களை இலவசமாக அங்கே மாற்றுவார்கள், ஆனால் அங்கே கிடைப்பது எந்தப் பெர்த்தோ அதுதான். டூ டயர் லோயரை இழந்து ஃபர்ஸ்ட் ஏசி அப்பரில் அப்பாவை ஏற்ற முடியுமா?

அந்த நாளைத் தவறவிட்டால் மூத்த குடிமக்களுக்கான லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. 60 வயது நிரம்பிய ஆண், 45 வயது நிரம்பிய பெண் இதில் வருவார்கள். ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் இரண்டு பேர், இரண்டு பேருமே அந்த வயது வரம்புக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 41. உங்கள் பெயரைச் சேர்த்தால் மூவருக்குமே அந்த ஒதுக்கீடு போய்விடும். ஆகவே அம்மா, அப்பா இருவருக்கும் ஒரு டிக்கெட், உங்களுக்குத் தனி டிக்கெட். வேறு பெட்டியில் உங்களுக்கு இடம் விழுந்தால் ரயிலில் ஏறியதும் டிக்கெட் பரிசோதகரான டிடிஆரிடம் சொல்லி அதே தடுப்பின் அப்பருக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்பரை விட்டுக்கொடுக்க ஆள் கிடைப்பது எளிது, லோயரைத்தான் யாரும் விடமாட்டார்கள். லோயர் கிடைக்காமல் போன மூத்தவருக்குக் காலியாகும் லோயரைத் தரும் அதிகாரமும் டிடிஆருக்கு உண்டு. ஆனால் அதை நம்பிப் புறப்படக்கூடாது.

மாற்றுத்திறனாளி சலுகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். துணையில்லாமல் பயணம் செய்ய இயலாத அளவு கை கால் பாதிப்பு உள்ளவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் த்ரீ டயரிலும் 75 சதவீதம், டூ டயரிலும் ஃபர்ஸ்ட் ஏசியிலும் 50 சதவீதம் கட்டணக் கழிவு உண்டு. கழிவு அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான். முன்பதிவுக் கட்டணமும் அதிவிரைவுக் கட்டணமும் முழுதாக வரும். இதற்கு அரசு மருத்துவமனை மருத்துவர் ரயில்வேக்கு உரிய படிவத்தில் சான்று தரவேண்டும். ‘துணையின்றிப் பயணிக்க இயலாதவர்’ என்ற பொருள் தெளிவாக அதில் இருக்க வேண்டும். அதை வைத்து ரயில்வேயின் புகைப்பட அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து வாங்கிவிட்டால் வீட்டிலிருந்தே சலுகை டிக்கெட் எடுக்கலாம். அட்டை கைக்கு வர நாளாகும், இந்த வாரமே தொடங்குங்கள். பயணத்தில் மூலச் சான்றையும் அட்டையையும் கையிலேயே வைத்திருக்க வேண்டும். ஸ்லீப்பரில் ஒவ்வொரு ரயிலிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 படுக்கைகள், அவற்றில் 2 லோயர், ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். த்ரீ டயரிலும் இப்படி ஒதுக்கீடு உண்டு. அம்மாவின் மூட்டுத் தேய்மானத்துக்கு மட்டும் இந்தச் சான்று கிடைப்பது கடினம். அவருக்கு வயது அடிப்படையிலான லோயர்தான் கைகொடுக்கும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது.

ராஜதானியையும் ஒரு கண் பாருங்கள். சென்னையிலிருந்து டெல்லியின் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்துக்கு வாரம் இரண்டு நாள் போகிறது. காலை ஆறு மணியளவில் புறப்பட்டு மறுநாள் முற்பகலில் சேருவதால் ஓர் இரவுதான் ரயிலில். இவருக்கு ஒரு இரவு குறைவது பெரிய லாபம். ஆனால் ஆறு மணி ரயிலுக்கு அப்பாவை மூன்றரைக்கே எழுப்பிக் குளிப்பாட்டி உடுத்த வேண்டும். மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும் மாறும். சலுகையும் அதில் த்ரீ டயருக்கு 25 சதவீதம் மட்டுமே. காலையில் சுறுசுறுப்பாக இருப்பவர் என்றால் எடுங்கள். காலையில் உடல் இறுக்கம் அதிகம் உள்ளவர் என்றால் இரவு பத்து மணிக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸே மேல்.

பெட்டிக்குள் எந்தத் தடுப்பு நல்லது? டூ டயரில் 7 முதல் 12 வரை இரண்டாவது தடுப்பு. அதில் 7, 9 லோயர், 8, 10 அப்பர், மற்ற இரண்டும் எதிர்ப்பக்க சைடு பெர்த். முதல் தடுப்பில் கதவுச் சத்தமும் கழிவறை வாடையும் வரும். நடுப்பெட்டியில் ஆட்டம் குறைவு, ஆனால் கழிவறை தூரம். இரண்டாவது தடுப்பு இரண்டுக்கும் நடுவான இடம். இணையத்தில் எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியாது. கவுன்டரில் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் அதற்காக வருந்த வேண்டாம்.

இப்போது அப்பாவின் வலது பக்கம். எதிரெதிர் லோயர் இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அவருக்கு ஒன்றல்ல. ஏறியதும் இரண்டிலும் உட்கார வைத்துப் பாருங்கள். எதில் உட்கார்ந்தால் நடைபாதை அவருடைய இடது கைப்பக்கம் வருகிறதோ அது அப்பாவுக்கு, மற்றது அம்மாவுக்கு. அப்பாவின் பெர்த்தில் தலையணையை நடைபாதைப் பக்கம் போடுங்கள், ஜன்னல் பக்கம் அல்ல. அப்படிப் படுத்தால் திறந்த விளிம்பு அவருடைய இடது கைப்பக்கம் இருக்கும். சுவர் பக்கம் வலது கை. எழும்போது இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, இடது பாதத்தை வலது கணுக்காலுக்கு அடியில் கொடுத்து, இடது பக்கம் புரண்டு, கால்கள் இரண்டையும் கீழே இறக்கி, இடது முழங்கையை ஊன்றி எழலாம். உட்கார்ந்ததும் மேலே ஏறும் ஏணி இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அது பெட்டியோடு பொருத்தப்பட்டது, ஆடாது, பிடித்து நிற்கலாம். தலையணையை மாற்றிப் போட்டால் அவர் ஒவ்வொரு முறையும் பலவீனமான பக்கம் புரண்டு எழ வேண்டும். நீங்கள் கையைக் கொடுத்து இழுக்க வேண்டியிருக்கும்.

அந்த இழுத்தல்தான் எனக்குப் பயம். பக்கவாதத்தில் பலவீனமான தோள் மூட்டு தொளதொளவென்று இருக்கும். வலது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்கினால் மூட்டு நழுவும், அந்த வலி மாதக்கணக்கில் இருக்கும். நிலையத்தில் உதவிக்கு வரும் போர்ட்டர்கள் நல்ல மனதோடு சட்டென்று கையைத்தான் பிடிப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பாவின் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றை இறுக்கமாகக் கட்டி, பிடிக்கிறவர்கள் அதைப் பிடிக்கட்டும்.

ஏறும் முறை: வீல்சேரைக் கதவுக்கு நேராக நிறுத்தி பிரேக் போடுங்கள், கால் பலகையை மடக்குங்கள். அவர் எழுந்து இடது கையால் கதவின் இடப்பக்கக் கைப்பிடியைப் பிடிக்கிறார். இடது கால் முதலில் மேலே, பிறகு வலது கால் அதே படிக்கு. ஒவ்வொரு படியும் இப்படியே. போர்ட்டர் பின்னால் நின்று பெல்ட்டைப் பிடிக்க, நீங்கள் முதலிலேயே உள்ளே ஏறி நின்று வலது காலுக்கு இடம் காட்டுங்கள். இறங்கும்போது முகம் பெட்டியைப் பார்த்து, ஏணியில் இறங்குவதுபோல் பின்னோக்கி இறங்கட்டும். அப்போதுதான் அதே கைப்பிடி அதே இடது கைக்குக் கிடைக்கும். இறங்கும்போது வலது கால் முதலில். சில நிலையங்களில் கதவுக்குப் போடும் சாய்வுப் பலகை வைத்திருக்கிறார்கள். நிலைய மேலாளர் அலுவலகத்தில் வீல்சேர் கேட்கும்போதே இதையும் கேளுங்கள்.

வீட்டு வீல்சேரை எடுத்துப் போக வேண்டாம். பின் சக்கரம் பெரிய வண்டி மடித்தாலும் பெர்த்துக்கு அடியில் போகாது. நடைபாதையில் வைத்தால் உங்கள் அப்பாவின் வழியையே அடைக்கும். இரண்டு நிலையங்களிலும் நிலைய வண்டியைப் பயன்படுத்துங்கள். டெல்லியில் வண்டி வேண்டும் என்று பயணத்தின் கடைசி மாலை ரயில்வே உதவி எண் 139-இல் சொல்லி, டிடிஆரிடமும் சொல்லி வையுங்கள். தம்பியும் நடைமேடைக்கு வந்து காத்திருக்கட்டும். நாலு கால் ஊன்றுகோலை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ரயில் ஓடும்போது அது நடைபாதையில் அகலம் பிடிக்கும், நாலு காலும் ஒரே சமயம் தரையில் பதியாது. உள்ளே நடக்க, பெர்த் விளிம்பையும் ஏணியையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்வதே பத்திரம். பிடிமானம் முழுக்க வலப்பக்கமே வரும் இடத்தில் நீங்கள் முன்னால் நின்று உங்கள் தோளை அவர் இடது கைக்குக் கொடுங்கள்.

கழிவறைக்குப் போகும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். ரயில் நிலையத்துக்குள் நுழையும்போதும் கிளம்பும்போதும் கூடாது. எல்ஹெச்பி எனப்படும் புதிய வகைப் பெட்டிகள் ஓடும்போது அதிகம் ஆடாவிட்டாலும் கிளம்பும்போது முன்பின்னாக ஒரு வெட்டு வெட்டும், நின்றுகொண்டிருப்பவரைத் தள்ளிவிடும். நேர்ப்பாதையில் ஒரே வேகத்தில் ஓடும் நேரம் நல்லது. வெஸ்டர்ன் கழிவறை எந்த முனையில் இருக்கிறது என்று ஏறியதுமே நீங்கள் போய்ப் பார்த்துவிடுங்கள், உள்ளே கைப்பிடி எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து. அம்மாவுக்கும் அது மட்டுமே. தரை ஈரமாக இருந்தால் பழைய செய்தித்தாள் போடாதீர்கள், அது இன்னும் வழுக்கும். பழைய பருத்தித் துண்டால் துடையுங்கள். அப்பா உள்ளே இருக்கும்போது தாழ்ப்பாள் வேண்டாம். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்து, அவர் கதவுமேல் சரிந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்க முடியாது. நீங்கள் வெளியே கதவைப் பிடித்து நில்லுங்கள்.

இரவில் கழிவறை நடையே வேண்டாம். மூடியுள்ள சிறுநீர்க் குப்பி இரண்டு வாங்கி, இப்போதிருந்தே வீட்டுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து இடது கையால் பயன்படுத்தப் பழக்குங்கள். முதல் தடவையே ரயிலில் என்றால் கூச்சத்தில் அடக்கிக்கொள்வார். இன்னும் பலர் செய்வது, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவது. பக்கவாதம் வந்தவருக்கு அது நல்லதல்ல. பகலில் வழக்கமான அளவு குடிக்கட்டும், இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் குறைக்கலாம். பாதுகாப்புக்கு டயப்பர் போட்டால் கழற்றியதைக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். பயோ டாய்லெட்டில் போட்டால் அடைத்துக்கொள்ளும், அதன்பின் உங்களுக்கு அந்த வெஸ்டர்ன் கழிவறையும் போயிற்று.

ஏசி குளிரில் பலவீனமான கை கால் இறுகும். முழுக்கைச் சட்டை, காலுறை, கூடுதலாக ஒரு போர்வை. காலுறையோடு நடக்க விடாதீர்கள், வழுக்கும். பின்பட்டை உள்ள செருப்பை மாட்டித்தான் பாதம் தரையில் படவேண்டும். படுத்திருக்கும்போது வலது கைக்கு அடியில் சிறு தலையணை கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கணுக்காலை மேலும் கீழும் இருபது தடவை அசைக்கச் சொல்லுங்கள். வலது காலை நீங்கள் அசைத்துவிடுங்கள். நாக்பூர் தாண்டுமுன் ஒருமுறையாவது எழுந்து நிற்கட்டும். மாத்திரைகள் முழுவதும் உங்கள் கைப்பையில், மருந்துச் சீட்டின் நகலோடு. சூட்கேஸில் வைத்துப் பெர்த்துக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள்.

60 நாள் முன்பே டிக்கெட் எடுத்தால் பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும். அதற்குள் வீட்டில் இரண்டு நாற்காலி வரிசைக்கு நடுவே 55 செ.மீ. இடைவெளி விட்டு, நாற்காலி முதுகுகளைப் பிடித்தபடி அப்பா தினமும் இரண்டு முறை பக்கவாட்டில் நடந்து பழகட்டும். மாடிப்படியில் கீழ் மூன்று படிகள் மட்டும், கைப்பிடி இடது கைக்கு வரும்படி, முன்னோக்கி ஏறிப் பின்னோக்கி இறங்கும் பயிற்சி, நீங்கள் பெல்ட்டைப் பிடித்தபடி. பத்து நாள் கழித்தும் மூன்று படியைத் தனியாகக் கட்டுப்படுத்த முடியவில்லை என்றால் ஏற்றி இறக்க இரண்டு போர்ட்டர்களை முன்கூட்டிப் பேசிவிடுங்கள். திரும்பும் பயணத்துக்கும் அதே 60 நாள் கணக்குதான். டெல்லியில் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் லோயர் இருக்காது. அந்தத் தேதியையும் இன்றே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.